பதினாறாம் எண்

பாம்பன் தெற்குவாடியில்
நாற்பதில் தொடங்கி நானூறுக்கு ஏற்றிவிடும் தொண்டை என்னுடையது.
சீலா, பாறை, கூடை நண்டு
எதுவானாலும் மூன்று தரம் கூறி முடிப்பேன்.
பீடி தொட்டதில்லை. புகையிலை அடக்கியதில்லை.
குடி, கிறிஸ்துமஸ் ராத்திரி மட்டும்.

கச்சான் அடங்கின மாசம்
சவரம் செய்கையில் விரலில் தட்டியது,
தாடைக்குக் கீழே, புன்னைக்காய் அளவு.
வலி இல்லை.
வலித்திருந்தால் அன்றே போயிருப்பேன்.

"போயிலைதானே?" என்றான் மெக்கானிக் சூசை.
"போயிலைதான்" என்றார் ஐஸ் கம்பெனி கணக்கர்.
ஊருக்கு ஒரு காரணம் போதும்.

மதுரையில் சதை கிள்ளிச் சாயம் ஏற்றினார்கள்.
பழுப்பாய்ப் பிடித்தது.
டாக்டர் ஜெய்னம்பு கீழக்கரைக்காரர், நம் பேச்சிலேயே சொன்னார்:
"டான்சில் மடிப்புக்குள்ள ஒரு வைரஸ்.
ரொம்பப் பேருக்கு வரும், உடம்பே துடைச்சிரும்.
சிலர்கிட்ட தங்கிரும், இருபது வருஷம்கூட, சத்தமில்லாம.
அதுல பல வகை. உங்களுக்குப் பதினாறாம் நம்பர்.
போயிலையில வர்றதைவிட இது வைத்தியத்துக்கு நல்லா மடங்கும்."

படகு எண் மாதிரி இருந்தது.
எந்தத் துறையில் கிளம்பியது என்று கேட்டேன்.
அவர் ஃபைலை மூடினார்.
"கல்யாணத்துக்கு முன்னயோ பின்னயோ.
உங்ககிட்ட இருந்தோ, அவங்ககிட்ட இருந்தோ.
எந்த டெஸ்டும் சொல்லாது."

அவங்க என்றது சலேத்தை.
அவள் பையின் ஜிப்பைத் திறந்தாள். மூடினாள்.

கொச்சி விசைப்படகில் மூன்று வருஷம் இருந்தேன்,
அது அவளுக்குத் தெரியும்.
எனக்கு முன்னால் அவளுக்கு ஒரு நிச்சயம் முறிந்தது,
அது எனக்குத் தெரியும்.
கேட்டால் கேட்கலாம்.
பஸ் பாலத்தில் ஏறியது.
வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல்,
பாலத்துக்கடியில் எது எந்தத் தண்ணீரென்று
இதுவரை யாரும் ஏலம் கேட்டதில்லை.
"ஐஸ் தீர்ந்திருக்கும்" என்றாள் சலேத்.

முப்பத்தைந்து நாள் கதிர்.
வெந்நீரில் இளக்கி முகத்தில் அழுத்திய மூடி,
வலைதான், கண்ணி சின்னது, சூடைகூடத் தப்பாது.
அதை மேஜையோடு திருகிவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள்.
எச்சில் வற்றியது.
குழம்பில் உப்பு இல்லை என்றேன்,
சலேத் மறுபடி போட்டாள்,
பிள்ளைகள் துப்பினார்கள்.
கடற்கரையில் பிறந்தவனுக்கு
உப்பு தெரியவில்லை என்று எப்படிச் சொல்ல?

இப்போது கட்டி இல்லை. குரலும் பாதிதான்.
ராமநாதபுரத்தில் ஊசிக்கு உட்கார்ந்திருக்கிறோம்,
ரெபேக்காளுக்குப் பதின்மூன்று, வியானிக்குப் பத்து.
"பொம்பளப் புள்ளைக்குச் சரி, பையனுக்கு எதுக்கு?"
என்கிறது பக்கத்து நாற்காலி.
நான் கழுத்தைத் தொட்டுக் காட்டுகிறேன்.
"போயிலையா?"

சலேத் எழுந்தாள்.
வராந்தா முழுக்கக் கேட்க, வாடியில் நான் கூறுகிற ராகத்தில்,
"வைரஸ்.
போயிலை இல்ல, வைரஸ்.
ஆம்பளைக்கும் வரும், வைரஸ்."

மூன்று தரம்.
மேலே கேட்க ஆளில்லை.
வியானி மட்டும்
ஊசி போடுமுன்பே அழத் தொடங்கிவிட்டான்.