பதினாலாவது வளைவு

அடிவாரச் செக்போஸ்ட்டிலிருந்து
பதினாலாவது கொண்டை ஊசி வரைக்கும் ஒருத்தன்,
அதற்கு மேலே இன்னொருத்தன்.
ஒன்பது வருஷம் இப்படித்தான்
என் பிக்கப் ஏற்காடு ஏறியது.
ஒரு சிம்மில் லீ பஜார், இன்னொன்றில் நாகலூர்.
வளைவு திரும்பும்போது நீலம் நழுவும், பச்சை பிடிக்கும்,
ரிலே ஓட்டக்காரன் குச்சி வாங்குகிற மாதிரி.

ஆவணியில் ஒரு குறுஞ்செய்தி. காலை ஆறு நாற்பது.
"மகிழ்ச்சியான செய்தி! நாங்கள் இருவரும் ஒன்றாகிவிட்டோம்."
முகூர்த்த நாள்தான் அன்றைக்கு.
மொய் எவ்வளவு என்று போடவில்லை.

அடுத்த ரீசார்ஜில் தெரிந்தது:
நூற்று எழுபத்தொன்பது
இருநூற்று முப்பத்தொன்பது ஆகியிருந்தது.
மாதத்துக்கு இன்னமும் இருபத்தெட்டே நாள்.

ஐப்பசி மழையில் லாரி வந்தது.
பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோபுரம் எதற்கு என்று
எங்கோ யாரோ மேப் பார்த்திருக்கிறார்கள்.
நடுவில் கிடக்கும் பள்ளத்தாக்கு
மேப்பில் விழவில்லை போல.
பச்சையைத் துண்டு துண்டாகக் கழற்றி
என் வண்டிக்கு முன்னால்தான் இறக்கிக்கொண்டு போனார்கள்.
ஹாரன் அடித்து அடித்து என் கைதான் வலித்தது.

மிளகு விலை கேட்பதற்கு ஒரு முறை உண்டு.
வரதராஜு மண்டியில் அறுநூற்றுப் பத்து என்பார்கள்.
"எதிர்க்கடையில கேட்டுக்கறேன்" என்று வைத்துவிட வேண்டும்.
மூன்று வளைவு ஏறுவதற்குள்
அவர்களே கூப்பிட்டு அறுநூற்று முப்பது என்பார்கள்.

கம்பெனியிடமும் இதே வித்தைதான்.
போன வருஷம் "மாறிக்கறேன்" என்றதும்
ஒரு பெண் பதறிப்போய்
மாதம் முப்பது ரூபாய் குறைத்துக் கொடுத்தாள்.

இந்த வருஷமும் சொன்னேன்.
"எந்த நிறுவனத்துக்கு, சார்?"
கிண்டல் இல்லை.
படிவத்தில் அந்தக் கட்டத்தை அவள் நிரப்ப வேண்டுமாம்.
யோசித்தேன்.
மூன்றாவதாக ஒன்று உண்டு,
அது கோரிமேட்டைத் தாண்டி வந்ததே இல்லை.
பாவம், அவளும் காத்திருந்தாள்.
மூன்று நிமிஷம் பதினோரு நொடி என்று போன் காட்டியது.

போனில் மேலே இரண்டு கட்டம்.
இரண்டிலும் இப்போது ஒரே பெயர்.
பதினாலில் வண்டியை ஓரம் கட்டினால்
இரண்டும் சேர்ந்தே காணாமல் போகின்றன.

மாசியில் நாகலூர் போனபோது
சடைச்சி வீட்டில் மிளகு மூட்டை இல்லை.
"உன்னக் கூப்ட்டுக் கூப்ட்டுப் பாத்தேன்.
வாசலுக்கு வந்தவங்கிட்ட குடுத்துட்டேன்.
ஐந்நூத்தி நாப்பது."
அன்று பஜாரில் அறுநூற்று ஐம்பது.
நான் சொல்லவில்லை.

பச்சைக் கோபுரம் நின்ற சிமெண்ட் மேடையில்
அவளுடைய காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது.
"நல்ல தளம்," என்றாள்,
"அந்த நாலு போல்ட்டத்தான் விட்டுட்டுப் போயிட்டானுங்க,
சாக்கு கிழியுது.
ஸ்பேனர் இருக்கா வண்டியில?"