நாலாயிரம் மீட்டரில் காற்று

இறுக்கிக் காட்டினான். வாங்கிவிட்டேன்.
கழற்றிக் காட்டு என்று கேட்கத் தோன்றவில்லை.

எல் ஆல்ட்டோவின் வியாழச் சந்தையில்
நீலத் தார்ப்பாய் மேல்
ஒற்றைக் காலணிகளுக்கும் யாருடையதோ பல்செட்டுக்கும் நடுவே
படுத்திருந்தது அந்த ஏர் இம்பாக்ட் ரெஞ்ச்.
கப்பலில் இக்கிகே வந்து, லாரியில் மலையேறிய சரக்கு.
பிடியில் ஆணியால் கீறிய மூன்றெழுத்து,
ஜப்பானோ கொரியாவோ, எனக்கு வாசிக்கத் தெரியாது.
நூற்றெண்பது என்றான். நூற்றிருபதுக்கு இறங்கினான்.
அவ்வளவு சுலபமாக இறங்கியபோதே
எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இறுக்கச் சொன்னால் இடி.
கழற்றச் சொன்னால் இருமல்.
ஒருரோ சாலையில் பஞ்சர் கடை வைத்திருப்பவள்
நட்டு கழலாமல் சக்கரத்தின் முன் உட்கார்ந்து
என்ன, ஜெபமா செய்வது?
எதிர்க்கடை நிக்கானோர் சிரித்தான்:
"செவரினா, உன் துப்பாக்கிக்குப் பிடிவாதம் மட்டும்தான் தெரியும்."
உன் மனைவி சொல்கிறாள், உனக்கும் அப்படித்தானாமே என்றேன்.
அப்புறம் இரண்டு நாள் அவன் இந்தப் பக்கம் வரவில்லை.

பின்மூடியில் நாலு ஸ்க்ரூ. மூன்று வந்தன.
நாலாவதின் தலையை எனக்கு முன்பே யாரோ மழித்திருந்தார்.
துளைபோட்டு எடுத்தேன்.
உள்ளே துரு கலந்த சேறு,
மழைக்கால நெடுஞ்சாலையின் அதே நிறம்.
ரோட்டரின் ஆறு பள்ளங்களில் ஆறு தகடுகள்.
காற்று பட்டதும் வெளியே சறுக்க வேண்டியவை
காய்ந்த எண்ணெயில் பாகுபோல் இறுகிக் கிடந்தன.
ஒன்றின் முனை உடைந்திருந்தது.
இன்னொன்று தலைகீழ்:
வளைந்த விளிம்பு வெளியே, நேர் விளிம்பு உள்ளே.

அங்கேதான் மூன்றெழுத்துக்காரரிடம் பேச ஆரம்பித்தேன்.
ஐயா, அன்றைக்கு என்ன அவசரம்?
வண்டியோடு எவனாவது வாசலில் நின்று
மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தானா?
அல்லது, நீர் ஐயாதானா?

டீசலில் இரண்டு ராத்திரி ஊறியது.
எரிந்துபோன மின்மீட்டரின் பேக்லைட் பலகையில்
புதுத் தகடு ஒன்று வெட்டினேன்.
கண்ணாடிமேல் உப்புத்தாள் விரித்துத் தேய்த்தேன்,
பள்ளத்தில் போட்டுக் கவிழ்த்தால் தானே விழும்வரை.
திசை மாற்றும் வால்வின் ஓ-ரிங்
ஊறிய அவரைப் பருப்புபோல் உப்பியிருந்தது.
கழற்றத் தெரியாத காரணம் அதுதான்.
அரை பொலிவியானோ சாமான்.

சுத்தியலுக்குக் கிரீஸ் வைத்தேன், கொஞ்சம்தான்.
நிறைய வைத்தால் அடி மெத்தையில் விழும்.

செவ்வாயன்று பாசிலியோவின் சிமெண்ட் லாரி வந்தது.
கம்ப்ரெசரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம்.
இங்கே காற்று ஒல்லி.
தாழ்நிலத்தில் சட்டென்று நிறையும் தொட்டி
இந்த உயரத்தில் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி நிறைகிறது,
முதல் நாள் வந்திறங்கும் வெளியூர்க்காரனைப்போல.
காற்று நுழையும் வாயில் எண்ணெய் விட்டேன்.
முதல் சொட்டு மண்ணுக்கு;
பீரையே பூமித்தாய்க்கு ஊற்றாமல் குடிக்காத ஊர் இது,
இதை மட்டும் அவளுக்கு மறைப்பானேன்.

பத்து நட்டு.
ஒன்பது, தகரக் கூரையில் ஆலங்கட்டி கொட்டியதுபோல்
சடசடவென்று வந்துவிட்டன.
பத்தாவது வரவில்லை.
எதிர்ப்பக்கம் நிக்கானோர் கதவில் சாய்ந்து நின்றான்.
ஒன்றும் சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் மோசம்.
ஆள் உயர இரும்புக் குழாயை மாட்டி
பாவாடையை ஒரு கையில் சுருட்டிக்கொண்டு
அதன் நுனியில் ஏறி நின்றேன். குதித்தேன்.
க்ரீச்.

இனி தினமும் காலையில் எண்ணெய்.
மாலையில், ஐந்துக்குள், தொட்டியின் அடித்திருகைத் திறந்து
தண்ணீரை வடித்துவிட வேண்டும்.
ஜூனில் மறந்தால் இரவே அங்கே பனிக்கட்டி,
மறுநாள் ரெஞ்சுக்குள் துரு.
திறந்ததும் அது சீறும்.
கடை நாய் ஒவ்வொரு நாளும் புதிதாய்ப் பயந்து
சாலையைத் தாண்டி ஓடி
நிக்கானோர் கடையில் உட்கார்ந்துகொள்ளும்.
அவன் ஏதோ தின்னக் கொடுக்கிறான்போல.