நூற்று இருபத்தெட்டு

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
ஜூன் மாதத்து இரவு, மணி இரண்டேகால்.
கேட்டுக்கு வெளியே பெங்களூரா ஏற்றிய டிராக்டர்கள்.
ஒன்பது வரைக்கும் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.
எடைமேடைக் கணினி எடை காட்டுகிறது,
பில் போடும் கணினிக்கு அது போய்ச் சேரவில்லை.

"ஒயரை எலி கடிச்சிருக்கும்" என்கிறார் முனிரத்தினம்.
எடைமேடையில் அவருக்கு இது பதினோராவது சீசன்.
எது நின்றாலும் முதல் சந்தேகம் எலிமேல்தான்.
ஒயர் முழுசாக இருக்கிறது.
சுவிட்சில் பச்சை விளக்கு
ஒன்றும் நடக்காததுபோல் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.

பில் கணினியிலிருந்து கூப்பிட்டுப் பார்க்கிறேன்.
எடைமேடைக்குக் கேட்கிறது.
பதில் மட்டும் வரவில்லை.

இரண்டு முகவரியையும் சீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன்:
192.168.10.20
192.168.10.130
முதல் மூன்று எண்களும் அச்சாக ஒன்று.
ஒரே தெருக்காரர்கள் என்று யாரும் சத்தியம் செய்வார்கள்.

கோளாறு அதற்கடுத்த வரியில்.
எடைமேடையின் சப்நெட் மாஸ்க்:
255.255.255.128
கடைசியில் பூஜ்யம் இருந்திருக்க வேண்டும்.

முகவரி உன் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான்.
அதில் எதுவரைக்கும் ஊர், எங்கிருந்து வீடு
என்று கோடு கிழிப்பது மாஸ்க்.
வரிசையாக எட்டு விளக்கு, முதலாவதை மட்டும் ஏற்று:
நூற்று இருபத்தெட்டு.
அந்த ஒற்றை விளக்கில் ஊர் இரண்டாகிவிடுகிறது.
127 வரைக்கும் அந்தப் பக்கம்,
128 முதல் இந்தப் பக்கம்.
130 இப்போது 20ஐப் பார்த்து
நம்ம ஊர் இல்லை என்று முடிவுகட்டுகிறது.
அசலூருக்கு வழிவிட கேட்வே வேண்டும், அந்தக் கட்டம் காலி.
சொல்ல வேண்டிய பதிலைக் கையில் வைத்துக்கொண்டு
சும்மா உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று.
மாஸ்க் எந்தப் பொட்டலத்தின் மேலும் எழுதியிருக்காது.
அவரவருடையது அவரவருக்குள்ளேயே.
எதிரே இருப்பவர் எங்கே கோடு போட்டிருக்கிறார் என்று
அவர் பதில் சொல்லாமல் போகும்போதுதான் தெரியும்.

போன வருடம் கிருஷ்ணகிரியில் வீடு தேடினேன்.
ராயக்கோட்டை ரோடு, மாடி போர்ஷன், தண்ணீர்க் கஷ்டம் இல்லை.
"எந்த ஊரும்மா?"
தர்மபுரி.
"தர்மபுரில எங்க?"
பாலக்கோடு பக்கம்.
"பாலக்கோட்டுல?"
அள்ளி என்று முடியும் பெயரைச் சொன்னேன்.
முகம் மலர்ந்துவிட்டது.
அவர் அக்கா வாழ்க்கைப்பட்டது அங்கேதானாம்.
காபி போடட்டுமா என்றார்.
கேட்டுக்கொண்டே எழுந்தவர், பாதியில் நின்று,
"ஊருக்குள்ளயா, ரோட்டுக்கு அந்தாண்டயா?"

அந்தாண்ட.

யோசிச்சு போன் பண்றேன் என்றார்,
என் நம்பரை வாங்கிக்கொள்ளாமல்.

அந்த ரோடு இருபது அடிகூட இருக்காது.
பஸ் வந்தால் ஆடு ஒதுங்க வேண்டும்.

மணி இரண்டே முக்கால்.
128ஐ அழித்துப் பூஜ்யம் அடித்து, ஓகே.
பிரிண்டர் இருமிவிட்டு ஓடத் தொடங்குகிறது.
திம்மராயன். சீட்டு எண் 214.
நிகர எடை மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது கிலோ.
திம்மராயன் சீட்டை டியூப்லைட்டுக்குக் காட்டிப் படித்து
இருபது கிலோ குறையுது என்று சண்டையை ஆரம்பிக்கிறார்.
கூழ் வாசனைக்கு வந்த ஈ ஒன்று
விசைப்பலகையில் சுழியத்தின் மேலேயே உட்காருகிறது.

"அப்ப எலி இல்லயா?"
முனிரத்தினத்துக்கு மனசு ஆறவில்லை.
இல்லண்ணே, ஒரு நம்பர் தப்பு.
"ஒரே நம்பரா? அதுக்கா மூணு மணி நேரம் வண்டி நின்னுச்சு?
யாரு போட்டது?"

மதியம் மிஷின் மாட்டின பையன்.
வேற எங்கயோ இருந்ததைப் பார்த்து
அப்படியே எழுதியிருக்கான்.

"கேட்டிருக்கலாம்ல" என்கிறார்.
அடுத்த டிராக்டர் ஹாரன் அடிக்கிறது.