ஒரு மணி நிலவரம்

அறுபத்துமூன்று புள்ளி இரண்டு என்று
மண்டல அலுவலருக்குக் குறுஞ்செய்தி தட்டிவிட்டு நிமிர்ந்தால்
ஆட்களுக்கு முன்னால்
வெயில் வரிசையில் நிற்கிறது.

நாங்குநேரிக்குத் தெற்கே நாலு குளம் உள்ள ஊர்.
நாலிலும் உடைமரம்.
ஆர்.சி. தொடக்கப்பள்ளி, இரண்டாம் வகுப்பு.
சுவரில் ஒன்பதாம் வாய்ப்பாடு
எழுபத்திரண்டோடு உதிர்ந்துவிட்டது.
நான் மை வைக்கிறவள்.

"போன மாசம் ஒரு பையன் வந்தாம்லா, டேப்புல தட்டிக்கிட்டு.
சனநாயகத்துல திருப்தியான்னு கேட்டான்."
சொல்கிறவள் முப்பிடாதி.
மடியில் பீடித்தட்டு இல்லாத பகல் அவளுக்கு இது ஒன்றுதான்.
விரலில் தூள் வாசம். மை அதன்மேல் ஏறுகிறது.

"நீ என்ன சொன்ன?" பின்னால் நிற்கும் தவசிக்கனி.

"திருப்தின்னா இலைய மடக்குததுல்லா.
எனக்கு இன்னும் இலையே போடலியே, எதை மடக்க?
இல்லைன்னு போடுல தம்பின்னேன்."

"பொறவு என்னத்துக்கு வெயில்ல வந்து நிக்க?"

"இலை வரலைன்னு பந்திய விட்டு எந்திரிச்சா
இடம் போயிருமே."

கோயில்பிச்சை, மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர்,
எல்லாவனும் களவாணி என்று வாசலிலேயே சொன்னார்.
ஏஜெண்டுகள் நாலு பேரும் சிரித்தார்கள்,
தன்னை இல்லை என்று.
பொத்தானை அழுத்திவிட்டு அங்கேயே நின்றார்,
தான் இழுத்த லைனில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறவர்போல,
ஏழு விநாடிச் சீட்டு உள்ளே விழும்வரை.

போன தேர்தலில் இதே அறையில் விழுந்தது
மொத்தம் இருபத்தொன்பது.
கால்வாய் கேட்டுக் கறுப்புக்கொடி கட்டியிருந்தார்களாம்.
கால்வாய் வரவில்லை.
இந்தத் தடவை ஆட்கள் வருகிறார்கள்.
அன்றைக்கு வீட்டில் இருந்ததும் இன்றைக்கு வந்து நிற்பதும்
ஒரே கோபம் என்றுதான் எனக்குப் படுகிறது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பாளையங்கோட்டையில் என் எதிர்வீட்டு வரதன் சார்
'எல்லாம் சரியாத்தானே போகுது டீச்சர்' என்று
விடுமுறைக்குக் குடும்பத்தோடு மணிமுத்தாறு போய்விட்டார்.
மாடியில் இருக்கிற பொறியாளருக்கு எதுவும் சரியில்லை.
அவரும் போடமாட்டார்.
எந்தச் சூத்திரத்தில் இவர்களை அடைப்பது?

என்னை எதில் அடைப்பது?
பயிற்சி நாளில் தபால் வாக்குக்கு நீள வரிசை,
நாலே காலுக்கு பஸ்.
படிவம் கைப்பையில் மடித்த மடிப்போடு கிடக்கிறது.
அந்தப் பையன் என்னிடம் கேட்டிருந்தால்
'ஓரளவு திருப்தி' என்றிருப்பேன்.

ஆறு மணி. கடைசி ஆளிலிருந்து டோக்கன் கொடுத்து
கதவைச் சாத்தினோம்.
ஆயிரத்துப் பன்னிரண்டில் எண்ணூற்றுப் பதினேழு.
மீதிப் பெயர்கள் கல்குவாரியில், திருப்பூரில்,
ஒன்றிரண்டு கல்லறையில்.

ஆறு நாலுக்கு ஓடிவந்தான் பலவேசம்,
கழக்கூட்டத்திலிருந்து மூன்று பஸ் மாறி.
கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான்.
"ஓட்டு வேண்டாம் டீச்சர், போட்டும்.
விரல்ல மை மட்டும் வச்சு விடுங்க.
மையக் காட்டினாத்தான் மேஸ்திரி
நாள்சம்பளம் தருவாரு."

குப்பி என் கையில்தான் இருந்தது. அடியில் கொஞ்சம் மிச்சம்.
தலைமை அலுவலர் என்னைப் பார்த்தார்.
மூடியைத் திருகினேன்.

பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு
வண்ணார்பேட்டையில் ஆட்டோ ஏறும்போது மணி மூன்றரை.
"ஓட்டுப் போட்டாச்சா டீச்சர்?" என்று திரும்பினார் ஓட்டுநர்.
பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்துவிட்டு
"பொறவென்ன" என்று வண்டியை எடுத்தார்.

கட்டைவிரல், சுட்டுவிரல், நகக்கண், ரேகை,
எல்லாவற்றிலும் மை.