விடு, பூட்டு

அறுபதைத் தொட்டால் கூவுது என்றாள் அழகுமீனாள்.
ஐம்பத்தெட்டில் இல்லை, அறுபத்தைந்தில் இல்லை.
கண்டனூர் தாண்டி வலப்பக்கம் பனைகள் வரும் இடத்தில்
தினமும்.

மாற்றிக் கொடுத்தவன் நான்.
எந்நேரமும் நாலு சக்கரமும் இழுத்த ஜீப் அது.
கரிமூட்டை ஏற்றக் கண்மாய்க்குள் இறங்கும்போது சரி,
தார் ரோட்டில் எதற்கு இந்த முன்னிழுப்பு என்று
நடு டிஃபரன்ஷியலைக் கழற்றி எடுத்துவிட்டு
ஜபருல்லா லேத்தில் கடைந்த கட்டி இரும்பை
அந்த இடத்தில் வைத்தேன்.
முன்னால் இரண்டு பக்கமும் திருகு ஹப்.
சேற்றில் பூட்டு. ரோட்டில் விடு.
டீசல் மிச்சமாகும் என்றேன்.

ஆனது.
மிச்சமான காசுக்கு ஒரு சத்தம் வாங்கியிருக்கிறாள்.

முதல் நாள் பின் ஷாஃப்டில் கிராஸ் மாற்றினேன்.
கூவியது.
மறுநாள் சக்கரங்களை இடம் மாற்றி, ஈயம் ஒட்டி,
பழைய கியர் ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து
இரும்புத்தூள் மினுங்குகிறதா என்று
விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன்.
சுத்தம்.
கூவியது.

இதற்கு நடுவில் சாக்கோட்டையிலிருந்து போன்:
காய்ந்த தார் ரோட்டில் நாலில் போட்டுவிட்டாளாம்,
லீவர் திரும்ப வரமாட்டேன் என்கிறதாம்.
பத்தடி பின்னால் எடுங்க, முறுக்கு இளகும்.
எந்த முறுக்கு?
உள்ளே.
கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ரிவர்ஸ் கியரின் முனகல்,
டக்கென்று ஒரு சத்தம்,
அவள் சொன்ன ஒரு கெட்ட வார்த்தை.

முன்பக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. காரணம் இருந்தது.
அரிசி ஆலையில் சாக்குத் தைக்கும் நூலை வாங்கி
முன் ஷாஃப்டையும் சேசிஸையும் சேர்த்துத்
தளர்வாய் ஒரு சுற்றுக் கட்டி
பள்ளத்தூர் வரை போய்த் திரும்பினேன்.
நூல் அறவில்லை.
சுழலாத ஷாஃப்ட் எப்படிச் சத்தம் போடும்?
விடுதலை என்று அங்கேயே தீர்ப்பெழுதினேன்.

நான்காம் நாள் ராத்திரி.
ஆலையில் பாய்லரை அணைத்துவிட்டார்கள்.
புழுங்கல் வாடை மட்டும் புதுவயல் முழுக்க நின்றது.
பிரேக் பார்க்கலாமென்று வலது முன்பக்கம் ஜாக்கி கொடுத்து
சும்மா, வேறெதையோ நினைத்தபடி, சக்கரத்தைச் சுற்றினேன்.

டார்ச் அடியில் உருண்டு கிடந்தது.
அந்த வெளிச்சத்தில் பார்த்தேன்:
இடது சக்கரம் தரையில், அசையாமல்.
அதற்குப் போகும் அச்சு மட்டும்
பின்னோக்கிச் சுழல்கிறது.

நான் நிறுத்தினால் நிற்கிறது.
முன்னால் சுற்றினால் அது பின்னால்.
யாரும் கேட்காமல், எதையும் நகர்த்தாமல்,
இத்தனை நாள் கண்டனூர் வரைக்கும்
இருட்டுக்குள் எதிர்த்திசையில் ஓடியிருக்கிறது.
நடுவில் ஷாஃப்ட் நூல்கூட அறாமல் நல்ல பிள்ளையாய் நிற்க,
உள்ளே சின்னப் பற்சக்கரங்கள் ஒன்றை ஒன்று அரைத்து
அறுபதில் கூவியிருக்கின்றன.

வலது ஹப்பின் முள் ‘விடு’ என்றுதான் காட்டியது.
மூடியைக் கழற்றினேன்.
கல்யாணப் பந்தியில் நெய் ஊற்றுகிற கை எனக்கு.
அந்தக் கையால் திணித்த கிரீஸ்
பால்கோவா மாதிரி இறுகிக் கிடந்தது.
பின்வாங்க வேண்டிய வளையம் அதில் புதைந்து
அரைப் பல்லில் பிடித்துக்கொண்டிருந்தது.
வெளியே விட்ட மாதிரி. உள்ளே விடாமல்.

பெட்ரோலில் கழுவி, துணியால் ஒற்றி
எண்ணெய் தொட்டும் தொடாமல் பூசி மூடினேன்.
நாலு நாள். ஒரு புதுக் கிராஸ். பில்லில் என்ன எழுத?
எழுதினேன்: ‘கிரீஸ் கூடுதல். என் தப்பு.’
பிறகு இரண்டாவது வரியை அடித்தேன்.
பிறகு வேறு தாளில் முழுசாய் எழுதினேன்.

காலையில் பனைகளருகே நிறுத்திப் போன் செய்தாள்.
கூவலை.
சரிங்க.
ஆனா இப்ப இடது கண்ணாடி கடகடன்னு ஆடுறது கேக்குது.
முன்னாடியே ஆடிச்சா, நீங்க ஆட்டிவிட்டதா?