சின்ன வெள்ளை

பேர் சொல்லிக் கேட்டதில்லை அவள்.
'அந்தச் சின்ன வெள்ளை' என்பாள்,
பாசிக்குப் போகிற நாட்களில்
என் கடை ஷட்டர் முழுக்க ஏறுவதற்குள்.
பாறை கிழித்த விரல்களில் துணி சுற்றிக்கொண்டே
மறு கையால் காசு நீட்டுவாள்.
மரிக்கொழுந்துப் பாசி என்ன விலை போகிறதோ
அதைப் பொறுத்துப் பத்து, இல்லையென்றால் ஐந்து.
கத்தரியால் அட்டையை வெட்டி
பேப்பர் துண்டில் மடித்துக் கொடுப்பேன்.
முட்டி வலி போச்சு, இழுப்பு போச்சு,
கஞ்சி ரெண்டு சட்டி இறங்குது என்றாள்.
முகம் உப்பி வட்டமானபோது
பஞ்சவர்ணம் தேறிட்டா என்றது பாம்பன் தெரு.
நானும் அதையே சொன்னேன்.
எனக்குத் தெரியும்.
ஆறு வருஷம்.

கார்த்திகையில் கண் மஞ்சளானது.
மதுரையில் கணையத்தின் தலையை அறுத்தெடுத்தார்கள்,
எட்டு மணி நேரம்,
நம்புராஜன் போட்டு முதலாளியிடம் வாங்கிய
முன்பணம் அத்தனையும்.
'தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?'
இல்லை என்றாளாம்.
பொய்யில்லை. அவளுக்கு அது மாத்திரையில்லை,
காலில் கட்டும் தட்டு, கண்ணாடி, சாக்கு மாதிரி
கடலுக்குக் கொண்டுபோகிற சாமான்.

மூன்றாம் நாள் பிரஷர் சரிந்தது.
உள்ளே ரத்தக்கசிவா என்று பார்த்தார்கள், இல்லை.
காய்ச்சலும் இல்லை.
அவள் சுருக்குப்பையில் ஒரு அட்டைத் துண்டு கிடைத்தது,
கத்தரியில் பேர் போயிருந்தது.

போனில் மயக்க மருந்து டாக்டர், சின்னப்பெண் குரல்:
'என்ன கொடுத்தீங்க?'
'வலி மாத்திரைதான் மேடம்.'
'பேர் சொல்லுங்க.'
வாடைக்காற்று கடைப் பலகையை அடித்துக்கொண்டிருந்தது.
சொன்னேன். பேர், மில்லிகிராம்,
பிறகு வருஷக் கணக்கு.
அந்தப் பக்கம் பேச்சில்லை.

வெளியிலிருந்தே வந்துகொண்டிருந்ததால்
உடம்பு தன் பங்கைச் சுரப்பதை விட்டிருந்தது.
கத்தி பட்ட நாளில்
அது எழுந்து ஓடியிருக்க வேண்டும்;
எழவே தெரியவில்லை அதற்கு.
ஊசியில் ஏற்றினார்கள்.
சாயங்காலம் தண்ணீர் கேட்டாளாம்.

மாசியில் அவளே வந்தாள்,
சேலை சுற்றிய குச்சி.
சர்க்கரை ஏறிப் புண் ஆற நாளாகியிருந்தது.
சீட்டில் அதே மாத்திரை.
காலையில் ஒன்று, மத்தியானம் பாதி,
அடுத்த மாதம் அதிலும் குறைத்து.
பட்டென்று நிறுத்தக் கூடாது,
சிவப்பில் இரண்டு கோடு.

'இது நம்ம சின்ன வெள்ளைதான?'
'ஆமா.'
'இதையா அம்புட்டுப் பெரிய ஆசுபத்திரில
தேடிக் கண்டுபிடிச்சாங்க?'
தையல் இழுக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
'அப்ப நீயும் டாக்டர்தான்.'

மாத்திரையை இரண்டு முறை எண்ணினேன்.
முழு அட்டையாகவே வைத்தேன், வெட்டவில்லை.
பில் புத்தகத்தைத் தேடியெடுத்துக்
கார்பன் தாள் சொருகி
அவள் பேர், வயசு, மருந்தின் பேர், தேதி
எல்லாம் எழுதினேன்.

எட்டிப் பார்த்தாள்.
'பில்லு போட்டா
காசு கூடவா?'