ஞாயிறு ஒரு வேலை நாள்

குதைபியாவில், மருந்துக்கடைக்கும்
கைப்பேசிக் கடைக்கும் நடுவே
பதினாறு படி கீழே என் பரிசோதனைக்கூடம்.
பதினோரு வருடமாக
மனாமாவின் ரத்தம் எடுக்கிறேன்.
யார் கை என்று பார்ப்பதில்லை,
நரம்பு எங்கே ஓடுகிறது என்றுதான்.

வைட்டமின் டி எழுதாத சீட்டு
இந்த ஊரில் அபூர்வம்.
இருபதுக்குக் கீழே போனால்
சிவப்பில் அச்சாக வேண்டும் என்று
எந்திரத்துக்கு நான்தான் சொல்லிவைத்தேன்.
மாதக் கடைசியில்
சிவப்பு மைதான் முதலில் தீரும்.

மார்கழியில் ஒரு விடியல்,
நான் எழுந்தேன், என் விரல்கள் எழவில்லை.
இரண்டு கையும் பேசிவைத்துக்கொண்டதுபோல்
அதே முட்டி, அதே வீக்கம்.
சோப்பு நுரைக்கும் அசையாத மோதிரத்தை
நூல் சுற்றி, நூல் சுற்றி,
போட்டதைவிட மெதுவாகக் கழற்றினார் ததேயு.

அன்று என் ரத்தத்தை மாரிவிக் எடுத்தாள்.
என் பெயர் ஒட்டிய குழாயை
நானே எந்திரத்தில் வைத்தேன்.
முடக்குவாதம்: பாசிட்டிவ்.
டி: ஒன்பது.
சிவப்பு.

"வெயில் ஊரில் இருந்துகொண்டா ஒன்பது?"
போனில் சிரித்தான் தம்பி.
வெயில் ஊர்தான்.
விடியுமுன் வேன், அதன் ஜன்னலில் கறுப்புத் தாள்.
படி இறங்கினால் குழல்விளக்கு,
படி ஏறினால் மஃரிப் பாங்கு.
கண்ணாடி வழியே வரும் வெயில் செல்லாத நோட்டு.
சூடு இருக்கும்,
தோல் அதை மாற்றித் தராது.

டாக்டர் ஹிஷாமிடம் கேட்டேன்,
டி குறைந்ததால் மூட்டு வீங்கியதா,
மூட்டு வீங்கியதால் டி குறைந்ததா?
பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.
"இரண்டையும் ஒரே வீட்டில் அடிக்கடி பார்க்கிறோம்.
யார் யாரைக் கூட்டிவந்தார் என்று
இன்னும் சரியாகத் தெரியாது."

புதன் இரவு மஞ்சள் மாத்திரை.
அது செய்யும் கெடுதலைத் துடைக்க
மறுநாள் ஒன்று.
ஞாயிறுதோறும் ஐம்பதாயிரம் யூனிட்,
தேன்துளிபோல் ஒரு குளிகை.
எங்கள் கோயிலில் ஞாயிறுப் பூசை
வெள்ளியன்றே முடிந்துவிடும்.
ஞாயிறு இங்கே வேலை நாள்.
எங்கள் மொழியில் கிழமையும் அதுதான்,
சூரியனும் அதுதான் என்றேன்.
"இங்கிலீஷிலும் அப்படித்தானே"
என்று ஊசியை டப்பாவில் போட்டாள் மாரிவிக்.

மாசியில் வந்தான் முத்திருளன்,
முஹர்ரக்கில் சாரம் கட்டுபவன்.
தலைக்குத் துணி, வாய்க்குத் துணி,
கழுத்துக்கு, மணிக்கட்டுக்கு.
வெயில் உட்கார அவன்மேல்
இரண்டு விரற்கடை இடம், கண்ணோரத்தில்.
சட்டையைச் சுருட்டிக் கை நீட்டினான்.
ரப்பர் பட்டையை இழுத்துக் கட்ட
என் விரல் மடங்கவில்லை.
ஒரு முனையைப் பல்லில் கடித்து
மறு முனையைத் தானே இழுத்து முடிந்தான்.
"இந்த முடிச்சு போதுமா, மேடம்?"
போதும்.

மறுநாள் அவனுக்குப் பதினொன்று.
"பகல் பூரா வெயில்தானே குடிக்கிறேன்?"
தாளை மடித்துப் பையில் வைத்தான்,
தப்பு எந்திரத்துடையது என்பதுபோல.
எண்ணில் நாங்கள் பக்கத்து வீடு.

இப்போது பத்தே முக்காலுக்கு
என் மேசையை மாரிவிக் பார்த்துக்கொள்கிறாள்.
படிக்கு ஒரு வசவு சொல்லும் முழங்கால்.
ஜெனரேட்டருக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவே
முழங்கைவரை சுருட்டிவிட்டு
இரண்டு கையையும் நீட்டி நிற்கிறேன்,
உள்ளங்கை ஒரு பக்கம், புறங்கை ஒரு பக்கம்,
மாற்றி மாற்றி.

நேற்று வெள்ளைக் கார் ஒன்று மெதுவானது.
கண்ணாடி இறங்கி ஒரு கை வந்து
என் உள்ளங்கையில் நூறு ஃபில்ஸ் வைத்துவிட்டுப் போனது.
கூப்பிட்டேன்.
சிக்னல் பச்சை, போய்விட்டது.
காசு சுட்டது.
விரல்களை மடக்கிப் பார்த்தேன்.
பாதி மடங்கின.